இரண்டு புள்ளி போதும், ஆனால் எதற்குப் போதும்?

(2, 5), (6, 13) என்று இரண்டு புள்ளிகள். இவற்றின் வழியே போகும் நேர்க்கோட்டின் சமன்பாடு என்ன? பள்ளியை விட்டு வெளியே வந்து சில வருடங்கள் ஆன யாரிடம் கேட்டாலும், முதலில் ஒரு சூத்திரத்தைத்தான் நினைவில் தேடுவார்கள். மேலே ஒய் கழித்தல் ஒய் ஒன்று, கீழே ஒய் இரண்டு கழித்தல் ஒய் ஒன்று... அல்லது அது தலைகீழா? அந்தச் சந்தேகத்திலேயே பேனா நின்றுவிடும்.

சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு எண்களை மட்டும் பாருங்கள். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது எக்ஸ் 2-இலிருந்து 6 ஆகிறது, நாலு கூடுகிறது. ஒய் 5-இலிருந்து 13 ஆகிறது, எட்டு கூடுகிறது. நாலு அடி வலப்பக்கம் நடந்தால் எட்டு அடி ஏறுகிறோம். அப்படியானால் ஓரடிக்கு இரண்டடி ஏற்றம். போவது நேர்க்கோடு, ஆகவே இந்த ஏற்றம் எந்த இடத்திலும் மாறாது. சரி, இப்போது (2, 5)-இல் நின்றுகொண்டு பின்பக்கமாக இரண்டு அடி வைப்போம். எக்ஸ் 0 ஆகிவிடும். அடிக்கு இரண்டு வீதம் நாலு இறங்கியிருப்போம், ஒய் 5-இலிருந்து 1-க்கு வந்திருக்கும். ஆக, கோடு 1-இல் தொடங்குகிறது, எக்ஸ் ஒன்று கூடும்போதெல்லாம் இரண்டு ஏறுகிறது. இதை அப்படியே எழுதினால்:

ஒய் = 2எக்ஸ் + 1

கணக்கு முடிந்தது. (நோட்டில் எல்லோரும் ஒற்றை எழுத்தாகத்தான் எழுதுவோம். இங்கே வாயில் சொல்கிறபடியே எக்ஸ், ஒய் என்று எழுதிக்கொண்டு போகிறேன்.)

இதில் நாம் பயன்படுத்திய உண்மை ஒன்றே ஒன்றுதான்: நேர்க்கோட்டின் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் ஏற்றத்துக்கும் நடைக்கும் உள்ள விகிதம் ஒன்றாகவே இருக்கும். இதைத்தான் சாய்வு என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் படித்திறன் என்று இருக்கும். படி ஏறுகிற படம் கண்ணில் வருவதால் எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். பாடநூலில் இந்தத் தலைப்பின் கீழ் வரும் அத்தனை சூத்திரங்களும் இந்த ஒரு வரியை வெவ்வேறு உடுப்பில் நிறுத்தியவைதான்.

விகிதம் ஏன் மாறுவதில்லை? கோட்டின் மேல் இரண்டு புள்ளிகளை எடுத்து, ஒன்றிலிருந்து கிடையாகவும் இன்னொன்றிலிருந்து செங்குத்தாகவும் கோடு இழுத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். வேறு இரண்டு புள்ளிகளை எடுத்தால் வேறொரு முக்கோணம், பெரியதாகவோ சிறியதாகவோ. இரண்டிலும் கோடு கிடையோடு சேரும் கோணம் ஒன்றே, செங்கோணமும் ஒன்றே. ஆகவே அவை வடிவொத்த முக்கோணங்கள்; பக்கங்களின் விகிதம் சமம். வடிவியலில் எப்போதோ படித்த அந்தத் தேற்றம்தான் இங்கே இயற்கணிதமாக மாறி உட்கார்ந்திருக்கிறது.

சமன்பாடு என்ற சொல்லின் பொருளையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒய் = 2எக்ஸ் + 1 என்பது உண்மையில் ஒரு சோதனை. தளத்தில் உள்ள எந்தப் புள்ளியும் வந்து "நான் இந்தக் கோட்டில் இருக்கிறேனா?" என்று கேட்கலாம். (10, 21) வந்தால் 2 × 10 + 1 = 21, உள்ளே வரலாம். (10, 20) வந்தால் வெளியே. அருகில் இருப்பதெல்லாம் கணக்கில் சேராது. கோட்டின் மேல் எண்ணற்ற புள்ளிகள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே வரியில் அடையாளம் காட்டிவிடுவதுதான் சமன்பாட்டின் வேலை. இந்தப் பார்வை வந்துவிட்டால் சூத்திரத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். வரும் புள்ளி (எக்ஸ், ஒய்) என்று வைத்துக்கொள்வோம். அது கோட்டில் இருக்க வேண்டுமானால், (2, 5)-இலிருந்து அதற்குப் போகும் சாய்வும் (2, 5)-இலிருந்து (6, 13)-க்குப் போகும் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும்:

(ஒய் − 5) / (எக்ஸ் − 2) = (13 − 5) / (6 − 2)

இதுதான் பாடநூலில் வரும் இரு புள்ளி வடிவம். வலப்பக்கம் 2 என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் ஒய் − 5 = 2(எக்ஸ் − 2); அதற்குப் புள்ளி-சாய்வு வடிவம் என்று பெயர். விரித்து அடுக்கினால் ஒய் = 2எக்ஸ் + 1; அது சாய்வு-வெட்டுத்துண்டு வடிவம் (கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்தான் வெட்டுத்துண்டு, இங்கே 1). பெயர் மூன்று, கோடு ஒன்று.

மனிதர்கள் தடுக்கி விழும் இடங்கள்

மேலே எடுத்த எண்கள் எல்லாமே மிகை எண்கள். தவறுகள் பெரும்பாலும் குறை எண்களோடு வருகின்றன. (−3, 4), (5, −2) என்ற புள்ளிகளை எடுப்போம். எக்ஸ் −3-இலிருந்து 5-க்குப் போகிறது. எத்தனை அடி? 5 − (−3) = 8. இங்கே 2 என்று எழுதுகிற கை எத்தனை! எண்கோட்டில் −3-இலிருந்து 0-க்கு மூன்று, 0-இலிருந்து 5-க்கு ஐந்து என்று மனதுக்குள் நடந்து பார்த்தால் இந்தத் தவறு வராது. ஒய் 4-இலிருந்து −2-க்கு இறங்குகிறது: −2 − 4 = −6. சாய்வு −6/8, சுருக்கினால் −3/4. நாலு அடி நடந்தால் மூன்றடி இறக்கம்.

ஒய் − 4 = −(3/4)(எக்ஸ் + 3). பின்னத்தைத் தொலைக்க இரண்டு பக்கமும் 4-ஆல் பெருக்கலாம்: 4ஒய் − 16 = −3எக்ஸ் − 9. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால் 3எக்ஸ் + 4ஒய் − 7 = 0. இதோடு நிற்காமல் இரண்டு புள்ளிகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். (−3, 4): −9 + 16 − 7 = 0. (5, −2): 15 − 8 − 7 = 0. இரண்டும் சரி. பத்து விநாடி வேலை. இரண்டு புள்ளியும் பொருந்திவிட்டால் விடை கட்டாயம் சரி, ஏனென்றால் இரண்டு புள்ளிகள் வழியே வேறொரு நேர்க்கோடு போக இடமில்லை. தன் விடை சரியா என்று தானே முழு உறுதியோடு சொல்லிக்கொள்ளக் கூடிய கணக்குகள் தேர்வில் அதிகம் கிடையாது. அப்படியிருந்தும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுத்த கேள்விக்குத் தாவுகிறவர்களே அதிகம். பள்ளி நாட்களில் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

இன்னொரு வழக்கமான தவறு, மேலே இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டு, கீழே முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பது. எந்தப் புள்ளியை முதல் என்று வைத்துக்கொள்கிறோம் என்பது முக்கியமே இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே வரிசையைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வரிசை மாறினால் குறி மாறி, ஏறும் கோடு இறங்கும் கோடாகிவிடும். கணக்கைத் தொடங்குமுன் கையால் ஒரு கிறுக்கல் படம் போட்டுவிட்டால் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். குறி மாறிய விடை வந்த உடனே கண்ணை உறுத்தும்.

அப்புறம் (4, 1), (4, 9) போன்ற ஜோடிகள். நடை 4 − 4 = 0, ஏற்றம் 8. எட்டைப் பூச்சியத்தால் வகுக்க முடியாது. சாய்வு என்ற எண்ணே இல்லை. ஆனால் கோடு இருக்கிறது! நோட்டில் அழகாக, செங்குத்தாக நிற்கிறது. அதன் சமன்பாடு எக்ஸ் = 4. இந்தக் கோட்டில் எக்ஸ் எப்போதும் 4, ஒய் எதுவாகவும் இருக்கலாம். குறை நம்முடைய சூத்திரத்தில்தான். வகுத்தலை எடுத்துவிட்டுக் குறுக்குப் பெருக்கலாக எழுதினால் இந்தக் குறை மறைந்துவிடுகிறது:

(எக்ஸ்-இன் நடை) × (ஒய் − ஒய் ஒன்று) = (ஒய்-இன் ஏற்றம்) × (எக்ஸ் − எக்ஸ் ஒன்று)

எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று என்பவை முதல் புள்ளியின் எண்கள். இதில் (4, 1), (4, 9)-ஐப் போட்டால் 0 × (ஒய் − 1) = 8 × (எக்ஸ் − 4), அதாவது எக்ஸ் = 4. தானாக வந்துவிட்டது. என்னைக் கேட்டால் ஒரே ஒரு வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, சாய்ந்த கோடு மூன்றையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. இது கைவிடும் இடம் ஒன்றுதான்: இரண்டு புள்ளிகளும் ஒரே புள்ளியாக இருந்தால் 0 = 0 என்று வந்து நிற்கும். அதுவும் நியாயம்தான், ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகள் போகின்றன, எதை என்று சொல்வது?

கணினியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு வெறும் அழகியல் விஷயம் அல்ல. வகுத்தல் உள்ள சூத்திரத்தை அப்படியே நிரலாக்கினால், செங்குத்துக் கோடு வரும் நாளில் அது பிழை காட்டி நிற்கும். திரையில் கோடு வரைவதற்கு இன்னும் சாமர்த்தியமான வழி ஒன்று உண்டு. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஜாக் பிரெசன்ஹாம் 1962-இல் உருவாக்கி 1965-இல் வெளியிட்டது. ஒவ்வொரு படியிலும் கோடு அடுத்த கட்டத்துக்குள் ஏறிவிட்டதா இல்லையா என்பதை முழு எண்களின் கூட்டல் கழித்தலைக் கொண்டே முடிவு செய்துவிடும். வகுத்தலும் கிடையாது, தசமமும் கிடையாது. அடிப்படையில் அதுவும் நாம் பார்த்த அதே சோதனைதான்.

வெப்பமானியில் ஒளிந்திருக்கும் கோடு

செல்சியஸ், ஃபாரன்ஹீட் மாற்றத்துக்கான சூத்திரத்தை மறந்துவிட்டால் கவலை வேண்டாம். இரண்டு புள்ளி தெரிந்தால் போதும். பனிக்கட்டி உருகுவது 0 செல்சியஸ், 32 ஃபாரன்ஹீட். தண்ணீர் கொதிப்பது 100 செல்சியஸ், 212 ஃபாரன்ஹீட். ஆக (0, 32), (100, 212). நடை 100, ஏற்றம் 180, சாய்வு 180/100 = 9/5. எக்ஸ் 0 ஆகும் இடத்தின் ஒய் கையிலேயே இருக்கிறது, 32. ஃபாரன்ஹீட் = (9/5) × செல்சியஸ் + 32.

சாய்வு வெறும் எண் அல்ல, அதற்கு அலகு உண்டு என்பது இங்கே நன்றாகத் தெரியும். ஒரு செல்சியஸ் பாகை கூடினால் 1.8 ஃபாரன்ஹீட் பாகை கூடும் என்பதுதான் அதன் பொருள். வெட்டுத்துண்டு 32 என்பது இரண்டு அளவுகளும் வெவ்வேறு இடத்தில் எண்ணத் தொடங்கியதற்கான அடையாளம். ஒரு கோடு தூரத்தையும் நேரத்தையும் இணைத்தால் சாய்வு வேகமாகிவிடும். நீளத்தையும் எடையையும் இணைத்தால் ஒரு மீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஆகிவிடும். கையில் இருக்கும் கோட்டின் சாய்வை அலகோடு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே பாதிக் கணக்கு விளங்கிவிடும்.

அச்சுகளை மாற்றிப் பிடித்தால்? (32, 0), (212, 100). சாய்வு 5/9. செல்சியஸ் = (5/9)(ஃபாரன்ஹீட் − 32). தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய இரண்டாவது சூத்திரம் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது அதே கோட்டை மறுபக்கத்திலிருந்து பார்த்ததுதான். இரண்டு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டும் இடத்தையும் இந்தக் கோடே சொல்லிவிடும். இரண்டும் சமம் என்று போட்டால் −(4/5) × செல்சியஸ் = 32, அதாவது −40. அங்கே எந்த அளவில் சொன்னாலும் குளிர் ஒன்றுதான்.

ஃபெர்மா, டேக்கார்ட், ஓர் எழுத்து

இரண்டு புள்ளிகளை ஒரு நேர்க்கோட்டால் இணைக்கலாம் என்பது யூக்ளிடின் முதல் எடுகோள், கி.மு. 300 வாக்கில் எழுதப்பட்டது. அதைச் சமன்பாடாக எழுதலாம் என்ற எண்ணம் வர கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டு ஆனது யோசித்தால் ஆச்சரியம்தான். அந்தப் பெருமையை வழக்கமாக ரெனே டேக்கார்ட் பெற்றுக்கொள்கிறார். அவருடைய வடிவியல் நூல் 1637-இல் அச்சாயிற்று. ஆனால் அதைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கும். நமக்குப் பழகிய, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அச்சுகளை நிலையாக வைத்துக்கொண்டு புள்ளி குறிக்கும் பழக்கம் அதில் இல்லை. நேர்க்கோட்டின் சமன்பாட்டை உட்கார்ந்து ஆராய்வதும் அவருடைய நோக்கம் அல்ல. அவர் கடினமான வளைகோடுகளைத் துரத்திக்கொண்டிருந்தார்.

எக்ஸும் ஒய்யும் முதல் படியில் மட்டும் வரும் சமன்பாடு ஒரு நேர்க்கோட்டைக் குறிக்கும் என்று தெளிவாக எழுதியவர் அவர் காலத்திலேயே வாழ்ந்த பியேர் தெ ஃபெர்மா. 1630-களில் அந்தக் கையெழுத்துப் படி நண்பர்கள் வட்டத்தில் சுற்றியது, அச்சேறியது 1679-இல். ஃபெர்மா இறந்தே 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதியதை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது அவருடைய வாழ்நாள் வழக்கம். இன்றைய பாடநூலில் இருக்கும் புள்ளி-சாய்வு வடிவம் போன்றவை ஒழுங்காகத் தலைகாட்டுவது இன்னும் தாமதமாக, 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், காஸ்பார் மோஞ்ச் எழுத்துகளில்.

சாய்வை ஏன் எம் என்ற எழுத்தால் குறிக்கிறோம் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஏறுதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து, டேக்கார்ட் வைத்தது என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. டேக்கார்ட் அப்படி எதுவும் வைக்கவில்லை. அதற்கு ஆதாரமுள்ள காரணம் எதுவும் கிடைத்ததில்லை. யாரோ ஒருவர் எழுதினார், மற்றவர்கள் பின்பற்றினார்கள்.

மூன்றாவது புள்ளி வந்து சேரும்போது

மூன்று புள்ளிகளைக் கொடுத்து இவை ஒரே கோட்டில் அமைகின்றனவா என்று கேட்கும் கணக்கு உண்டு. (2, 5), (6, 13), (9, 19) என்றால் முதல் இரண்டிலிருந்து ஒய் = 2எக்ஸ் + 1, மூன்றாவதைப் போட்டால் 19 = 19. அமைகின்றன. முக்கோணத்தின் பரப்பு பூச்சியமா என்று பார்க்கும் முறையும் இதேதான். அணிக்கோவையாக (எண்களைச் சதுரமாக அடுக்கிக் கணக்கிடும் முறை) எழுதுவதும் இதேதான். அதில் நிற்க வேண்டாம்.

நின்று பார்க்க வேண்டியது வேறொன்று. இரண்டு புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டைத் தீர்மானிக்கும் என்கிறோம். ஆனால் அவை நேர்க்கோட்டில்தான் இருக்கின்றன என்று அந்தப் புள்ளிகள் எங்கேயாவது சொல்லினவா? (2, 5), (6, 13) இரண்டின் வழியாகவும் எக்ஸ் வர்க்கம் − 6எக்ஸ் + 13 என்ற பரவளையமும் போகும். 4 − 12 + 13 = 5; 36 − 36 + 13 = 13. இதுமாதிரி எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம்: 2எக்ஸ் + 1 என்பதோடு (எக்ஸ் − 2)(எக்ஸ் − 6)-இன் எந்த மடங்கையும் கூட்டினால் போதும், கூட்டிய பகுதி அந்த இரண்டு இடத்திலும் பூச்சியமாகிவிடும். ஆகவே "நேர்" என்ற தகவல் புள்ளிகளிலிருந்து வரவில்லை. அதை நாம்தான் போடுகிறோம். தேர்வுத் தாளில் கேள்வியே அதைச் சொல்லிவிடுகிறது. வெளியே, அளந்து எடுத்த எண்களோடு உட்காரும்போது சொல்ல ஆள் இல்லை.

நாமே போட்ட அந்த நேர் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று. 499-இல் ஆரியபட்டர் தந்த சைன் அட்டவணையில் கோணங்கள் 225 கலை இடைவெளியில் இருக்கும் (60 கலை ஒரு பாகை). ஆரத்தை 3438 என்று வைத்துக்கொண்ட கணக்கு. அவர் நேரடியாக மதிப்புகளைத் தரவில்லை. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு கூடுகிறது என்பதைத்தான் தருகிறார்: 225, 224, 222, 219 என்று. கூட்டிக்கொண்டே போனால் மதிப்புகள் 225, 449, 671, 890. ஒரு விதத்தில் அவர் தந்தது வரிசையான சாய்வுகள். இப்போது 5 பாகைக்கு, அதாவது 300 கலைக்கு மதிப்பு வேண்டும். அட்டவணையில் அது இல்லை. (225, 225), (450, 449) இரண்டையும் ஒரு கோட்டால் இணைப்போம். நடை 225, ஏற்றம் 224. 225-இலிருந்து 300-க்கு 75 கலை; 225 + 224 × 75/225 = 299.67. இன்றைய கணிப்பானில் 3438-ஐ 5 பாகையின் சைனால் பெருக்கினால் 299.64. வளைகோட்டின் ஒரு துண்டை நேர்க்கோடு என்று பாவித்ததில் கிட்டத்தட்ட எதுவும் குறையவில்லை.

அதே அட்டவணையின் கடைசிக்குப் போனால் கதை மாறுகிறது. 86 பாகை 15 கலைக்கு 3431, 90 பாகைக்கு 3438. நடுவில் கோடு போட்டால் 3434.5 வரும்; உண்மை மதிப்பு 3436.2 அளவில் இருக்கிறது. அங்கே வளைகோடு வேகமாகத் திரும்புவதால் நேர்க்கோடு அடியில் தங்கிவிடுகிறது. இந்தக் குறையைச் சரிசெய்ய, பிரம்மகுப்தர் 665-இல் எழுதிய கண்டகாத்யகத்தில் பக்கத்துப் பக்கத்து வேறுபாடுகளுக்கு இடையில் உள்ள வேறுபாட்டையும் கணக்கில் சேர்க்கும் முறையைத் தந்தார். சாய்வே எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதுதான் அது. மூன்று புள்ளி வழியே பரவளையம் வரைவதற்குச் சமம்.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போகும்போது இந்த அளவு பிழை. வெளியே போனால்? 1802-இல் ஜோசப் லூயி கே-லுசாக், அழுத்தத்தை மாற்றாமல் காற்றைச் சூடாக்கி அளந்தார். 0 பாகையில் ஒரு பங்கு இடத்தை அடைத்த காற்று 100 பாகையில் 1.375 பங்கு இடத்தை அடைத்தது. புள்ளிகள் (0, 1), (100, 1.375). சாய்வு 0.00375. சமன்பாடு: கன அளவு = 1 + 0.00375 × வெப்பநிலை. இதைக் கீழ்நோக்கி நீட்டினால் கன அளவு பூச்சியமாகும் இடம் −1 ÷ 0.00375, அதாவது −266.7 பாகை. பின்னால் வந்தவர்கள் இன்னும் கவனமாக அளந்தபோது 1.375 என்பது 1.366-க்கு அருகில் என்று தெரிந்தது. சாய்வு 0.00366, கோடு அச்சைத் தொடும் இடம் −273. மேலே ஒரு முனையில் 0.009 தள்ளிப்போனது, கீழே ஆறரை பாகையாகப் பெருகிவிட்டது. புள்ளிகளுக்கு வெளியே எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவுக்குச் சாய்வில் உள்ள சிறு பிழை ஊதிப் பெரிதாகும். இரண்டு புள்ளிகளையும் பக்கத்துப் பக்கத்தில் எடுத்தால் இது இன்னும் மோசம். ஒய் அளவுகளில் ஆளுக்கு 0.1 எதிரெதிராகத் தவறினால், ஓரடி இடைவெளியில் சாய்வு 0.2 தவறும், பத்தடி இடைவெளியில் 0.02 மட்டுமே. வரைபடத்தாளில் சாய்வு காணும்போது தூரத்தில் உள்ள இரண்டு புள்ளிகளை எடு என்று ஆய்வகத்தில் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு வேடிக்கை. அந்தக் கோட்டின் அடிப்பகுதியில் காற்றே கிடையாது. சாதாரண அழுத்தத்தில் ஆக்சிஜன் −183 பாகையிலும் நைட்ரஜன் −196 பாகையிலும் திரவமாகிவிடும். அதற்குக் கீழே கோடு மட்டும் தாளில் போய்க்கொண்டிருக்கும். ஆனாலும் அது சுட்டிய இடம் பொய்யாகவில்லை. 1848-இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அந்த −273-ஐச் சுட்டிக்காட்டித் தனி வெப்பநிலை அளவு ஒன்றை முன்வைத்தார். கோட்டை அவ்வளவு தூரம் நீட்டலாம் என்ற துணிவு இரண்டு புள்ளிகளிலிருந்து வந்ததல்ல. பல வாயுக்களும் ஏறத்தாழ ஒரே சாய்வைக் காட்டியதும் வெப்பம் பற்றிய கோட்பாடும் சேர்ந்து தந்தது.

சரி, அளந்த புள்ளிகள் இரண்டுக்கு மேல் இருந்து, அவை ஒரே கோட்டில் அமையவில்லை என்றால்? (1, 2), (2, 3), (3, 5) என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டுக்கு இடையே சாய்வு 1, அடுத்த இரண்டுக்கு இடையே 2. மூன்றின் வழியாகவும் போகும் நேர்க்கோடு கிடையாது. ஓரப் புள்ளிகள் இரண்டையும் இணைத்தால் ஒய் = 1.5எக்ஸ் + 0.5, நடுப்புள்ளி அதற்கு 0.5 கீழே கிடக்கும். ஆனால் நடுப்புள்ளி செய்த பாவம் என்ன? அதுவும் அளந்து எடுத்ததுதானே. எந்தப் புள்ளியையும் தூக்கி எறியாமல் எல்லாவற்றுக்கும் காது கொடுக்கும் வழியை 1805-இல் அட்ரியன்-மரி லெஜாந்தர் வெளியிட்டார். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து மேலேயோ கீழேயோ எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி, கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் கோட்டைத் தேர்ந்தெடுப்பது. மீச்சிறு வர்க்க முறை என்று பெயர். 1809-இல் கார்ல் பிரெடரிக் காஸ், இதை 1795-இலிருந்தே பயன்படுத்தி வருவதாக எழுத, யார் முதல் என்ற மனத்தாங்கல் லெஜாந்தருக்குக் கடைசிவரை போகவில்லை.

நம் மூன்று புள்ளிகளுக்கு அதைச் செய்து பார்க்கலாம். எக்ஸ்-களின் சராசரி 2, ஒய்-களின் சராசரி 10/3. கோடு இந்தச் சராசரிப் புள்ளி வழியே போகும். எக்ஸ் விலகல்கள் −1, 0, 1. ஒய் விலகல்கள் −4/3, −1/3, 5/3. ஜோடியாகப் பெருக்கிக் கூட்டினால் 4/3 + 0 + 5/3 = 3. எக்ஸ் விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 2. சாய்வு 3/2. வெட்டுத்துண்டு 10/3 − 3 = 1/3. ஆக ஒய் = 1.5எக்ஸ் + 1/3. ஓரங்களை இணைத்த கோட்டின் அதே சாய்வுதான், நடுப்புள்ளியின் பக்கம் ஆறில் ஒரு பங்கு கீழே இறங்கியிருக்கிறது. விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 1/4-இலிருந்து 1/6 ஆகிவிட்டது. இந்தக் கோட்டில் எக்ஸுக்கு 1, 2, 3 என்று போட்டால் 1.83, 3.33, 4.83 என்று வரும். கொடுத்த மூன்று புள்ளிகளில் ஒன்றின் வழியாகக்கூட அது போகவில்லை.